ஃபயர் அலாரம் பேனல் நாள் முழுக்க பீப் அடிக்குது, ஆஃப் பண்ணி வைக்கலாமா?

நீங்க எழுதினத படிச்சா மூணு கேள்வி மாதிரி தெரியுது, ஆனா உள்ள இருக்கிறது ஒரே கேள்வி தான். சென்னையில ஸ்டில்ட் (கீழ தூண்களுக்கு நடுவுல வண்டி விடற தளம்) பிளஸ் ஒன்பது மாடி அபார்ட்மெண்ட், பத்து ஜோன் (மாடிக்கு ஒண்ணுனு பிரிச்ச பகுதி) உள்ள பழைய கன்வென்ஷனல் பேனல் (எந்த ஜோன்னு மட்டும் சொல்ற வகை), மழை ஆரம்பிச்சதுல இருந்து மஞ்சள் லைட் எரிஞ்சு பீப் அடிச்சிட்டே இருக்கு, செக்யூரிட்டி அண்ணன் தூங்க முடியலனு பட்டன அமுக்கி அமுக்கி விடுறார், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் வந்து திறந்து பார்த்துட்டு "போர்டு போச்சு, அட்ரஸபிள் சிஸ்டமா மாத்திடுங்க"னு (ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியா காட்டுற வகை) லட்சக்கணக்குல கொட்டேஷன் குடுத்துட்டு போயிட்டார், கமிட்டியில ரெண்டு பேர் அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வைக்கலாமேங்கிறாங்க. நீங்க உண்மையில கேக்கறது, இந்த பெட்டி நிஜமாவே எதையோ சொல்லுதா இல்ல கெட்டுப்போய் சும்மா கத்துதா, யார நம்புறதுங்கிறது தானே. பல வருஷமா ஃபயர் அலாரம் சர்வீஸ் தான் என் தொழில், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல உறுதியா சொல்லக்கூடிய விஷயம். ஆஃப் பண்ணாதீங்க. பேனல்ல சிவப்பு லைட் வேற, மஞ்சள் லைட் வேற. சிவப்புனா எங்கயோ ஒரு டிடெக்டர் புகைய பார்த்திருக்கு, இல்ல யாரோ பிரேக் கிளாஸ (சுவர்ல இருக்கிற அவசர அலாரம் பட்டன்) அமுக்கியிருக்காங்க. மஞ்சள்னா பேனல் தன்னோட உடம்புல ஏதோ ஒரு இடம் சரியில்லனு சொல்லுது, ஒரு ஜோன் வயர் அறுந்திருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம், ஹூட்டர் (மாடிகள்ல அடிக்கிற சைரன்) லைன் விட்டுப்போயிருக்கலாம், மெயின் கரண்ட் வராம பேட்டரியில ஓடிட்டு இருக்கலாம். பத்து ஜோன்ல ஒரு ஜோன் ஃபால்ட்னா மத்த ஒன்பதும் பொதுவா வேலை செஞ்சிட்டு தான் இருக்கும், நீங்க ஆஃப் பண்ணா பத்தும் போச்சு. நிறைய பில்டிங்ல லிஃப்ட்ட தரைத்தளத்துக்கு இறக்குறதும், படிக்கட்டுல காத்து தள்ளுற ஃபேன ஓட விடறதும் இந்த பேனல்ல இருந்து போற ரிலே (தானா இயங்குற ஸ்விட்ச்) தான், அதுவும் சேர்ந்து நின்னுடும். நம்ம ஊர் அபார்ட்மெண்ட்ல ஆபத்து எங்க இருக்குனு யோசிச்சு பாருங்க, மீட்டர் ரூம் கீழ படிக்கட்டு பக்கத்துல, ஸ்டில்ட்ல வரிசையா பைக்கு, இப்ப அதோட சார்ஜ் போட்டு விடற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு கீழ ஒண்ணு பத்திக்கிச்சுனா புகை ஏறுற வழியும் ஜனங்க இறங்குற வழியும் ஒரே படிக்கட்டு, அங்க கிடைக்கிற ரெண்டு மூணு நிமிஷம் தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். அந்த நிமிஷத்த குடுக்கிறதுக்கு தான் இந்த பெட்டி இருக்கு.

செக்யூரிட்டி எந்த பட்டன அமுக்குறார்னு ஒரு தடவ பக்கத்துல நின்னு பாருங்க, இது ரொம்ப முக்கியம். பேர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா வேலை ஒண்ணு தான். பஸ்ஸர் சைலன்ஸ்னு ஒண்ணு இருக்கும், சில பேனல்ல அக்னாலட்ஜ்னு போட்டிருக்கும், அது பேனலுக்குள்ள கத்துற சின்ன பஸ்ஸர மட்டும் நிறுத்தும், மஞ்சள் லைட் அப்படியே எரியும், புதுசா இன்னொரு ஃபால்ட் வந்தா திரும்ப கத்தும். இத அமுக்குறதுல ஒரு தப்பும் இல்ல. அடுத்தது ஹூட்டர் சைலன்ஸ், அது மாடி மாடியா அடிக்கிற ஹூட்டர நிறுத்துறது. அப்புறம் ரீசெட். ரீசெட் அமுக்கினா பேனல் ஜோனுக்கு போற கரண்ட்ட சில செகண்ட் எடுத்துட்டு திரும்ப குடுக்கும், கன்வென்ஷனல் டிடெக்டர் ஒரு தடவ அலாரம் ஆயிட்டா அப்படியே பிடிச்சு வெச்சுக்கும், அத விடுவிக்கத்தான் இது. புகை இன்னும் இருந்தா மறுபடியும் அலாரம் வரும், பிரேக் கிளாஸ் அமுக்கினதா இருந்தா அங்க போய் சாவி போட்டு பழைய நிலைக்கு கொண்டு வராம ரீசெட் ஆகாது. எந்த ஜோன்னு எழுதி வெச்சுக்காம ரீசெட் அமுக்கிட்டா எங்க இருந்து வந்துச்சுங்கிற தகவலே போயிடும், மெமரி இல்லாத பழைய பேனல்ல அது திரும்ப கிடைக்காது. கடைசியா ஐசொலேட், இல்லனா டிஸேபிள். நான் ரொம்ப பயப்படறது இதுக்கு தான். ஒரு ஜோன ஐசொலேட் பண்ணா பீப் உடனே நின்னுடும், எல்லாரும் சந்தோஷமா போயிடுவாங்க, ஆனா அந்த மாடியில எது எரிஞ்சாலும் பேனலுக்கு தெரியாது. வேலைக்கு வந்தவங்க ஐசொலேட் பண்ணிட்டு திரும்ப எடுக்க மறந்து மாசக்கணக்கா கிடந்த ஜோன்கள நான் நிறைய பார்த்திருக்கேன். உங்க பேனல்ல இப்ப ஏதாவது ஜோன் ஐசொலேட்ல இருக்கானு இன்னிக்கே பாருங்க.

இனி "போர்டு போச்சு"ங்கிற பேச்சுக்கு வரேன். இத கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, அதுக்கு முன்னாடி ஜோன் எப்படி வேலை செய்யுதுனு ரெண்டு வரி. பேனல்ல இருந்து ரெண்டு வயர் கிளம்பி அந்த மாடியில இருக்கிற டிடெக்டர் ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டு போய் கடைசி டிடெக்டர்ல முடியும், அந்த கடைசி பேஸ்ல (டிடெக்டர் உக்கார்ற அடித்தட்டு) ஒரு ரெசிஸ்டர் (கரண்ட்ட கட்டுப்படுத்துற சின்ன பாகம்) மாட்டியிருப்பாங்க, எண்ட் ஆஃப் லைன்னு சொல்லுவோம், சுருக்கமா ஈஓஎல். பேனல் எப்பவும் அது வழியா கொஞ்சூண்டு கரண்ட் விட்டு பார்த்துட்டே இருக்கும். அந்த கரண்ட் வந்தா லைன் முழுசா இருக்குனு அர்த்தம், வரலனா நடுவுல எங்கயோ அறுந்திருக்குனு ஓபன் ஃபால்ட் காட்டும், டிடெக்டர் அலாரம் ஆனா கரண்ட் கூடும், அத வெச்சு ஃபயர்னு சொல்லும். ஆக, ஃபால்ட் காட்டுற ஜோனோட ரெண்டு வயரையும் பேனல் டெர்மினல்ல இருந்து கழட்டிட்டு, அதே மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர நேரா டெர்மினல்லயே மாட்டி பார்க்கணும். நிறைய பேனல்ல அது 4.7 கிலோ ஓம், மஞ்சள், ஊதா, சிவப்புனு கோடு போட்டிருக்கும், ஆனா வேற மதிப்பு வெக்கிற கம்பெனிகளும் உண்டு, மேனுவல்ல பார்த்துட்டு தான் போடணும். மாட்டின உடனே ஃபால்ட் போச்சுனா அந்த ஜோனுக்கு பேனல் நல்லாருக்கு, கோளாறு வெளிய வயர்லயோ டிடெக்டர் பேஸ்லயோ இருக்கு. மாட்டியும் ஃபால்ட் போகலனா அப்ப அந்த ஜோன் கார்டு மேல சந்தேகப்படலாம். அஞ்சு நிமிஷ வேலை, கடையில சில்லறைக் காசுக்கு கிடைக்கிற ரெசிஸ்டர். உங்க கண்ணு முன்னாடி இத செஞ்சு காட்டாம பேனல மாத்துங்கனு யார் சொன்னாலும் கையெழுத்து போடாதீங்க. வயர நீங்களா கழட்ட வேண்டாம், அதே பெட்டிக்குள்ள 230 வோல்ட்டும் இருக்கு, டெக்னீஷியன பண்ண சொல்லி பக்கத்துல நில்லுங்க.

இதுலயே ஒரு ஏமாத்து வேலையும் நடக்குது, தெரிஞ்சு வெச்சுக்கங்க. டெஸ்டுக்கு மாட்டின அந்த ரெசிஸ்டர பேனல்லயே நிரந்தரமா விட்டுட்டு, வயர ஓரமா மடிச்சு வெச்சுட்டு "சரி பண்ணியாச்சு"னு போயிடுவாங்க. பேனல் பச்சை காட்டும், அந்த மாடியில ஒரு டிடெக்டர் கூட பேனலோட பேசாது. கண்டுபிடிக்க, அந்த ஜோன்ல கடைசி டிடெக்டர பேஸ்ல இருந்து திருகி கழட்ட சொல்லுங்க. வயரிங் முறையா பண்ணியிருந்தா கொஞ்ச நேரத்துல பேனல்ல ஃபால்ட் வரணும். வரலனா ரெசிஸ்டர் தப்பான இடத்துல இருக்கு, இல்ல நடுவுல இருந்து கிளை பிரிச்சு வயர் இழுத்திருக்காங்க. ரெண்டுமே சரி பண்ண வேண்டிய விஷயம்.

உங்க கேஸ்ல மழையோட ஆரம்பிச்சதுனு சொன்னீங்க, அதனால எனக்கு முதல்ல தோணுறது வயர்ல தண்ணி. இது உறுதி இல்ல, அனுபவத்துல வர்ற ஊகம். மொட்டை மாடி கதவுகிட்ட இருக்கிற பிரேக் கிளாஸ், ஸ்டில்ட்ல சுவர் ஓரம் இருக்கிற ஹூட்டர், சீலிங் ஒழுகுற இடத்துல இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ், இந்த மூணு இடத்துல தான் அதிகமா மாட்டும். டேப் சுத்தின ஜாயிண்ட்ல ஈரம் இறங்கி பச்சை பச்சையா பூத்திருக்கும், காய்ஞ்சா ஃபால்ட் தானா போயிடும், மழை வந்தா திரும்ப வரும். எர்த் ஃபால்ட்னு தனியா ஒரு லைட் உங்க பேனல்ல இருந்து அது எரிஞ்சா, ஏதோ ஒரு வயர் கண்டியூட்டையோ (வயர் ஓடுற குழாய்) ஈரச் சுவரையோ தொட்டுக்கிட்டு இருக்குனு கிட்டத்தட்ட நிச்சயமா சொல்லலாம். அப்போதைக்கு பேனல் வேலை செய்யும், ஆனா இன்னொரு இடத்துலயும் அதே மாதிரி தொட்டுச்சுனா ஷார்ட் ஆகி எப்படி வேணா நடந்துக்கும். ஒவ்வொரு ஜோனா கழட்டி கழட்டி எப்ப லைட் அணையுதுனு பார்க்கிறது தான் வழி, பொறுமை வேணும், அதனாலயே சில பேர் பேனல மாத்துங்கனு சொல்லிடறாங்க.

அடுத்த சந்தேகம் பேட்டரி. பெட்டிக்குள்ள அடியில 12 வோல்ட் சீல்டு பேட்டரி ரெண்டு சீரியஸ்ல இருக்கும், சேர்ந்து 24 வோல்ட். கரண்ட் போனா 24 மணி நேரம் சும்மா ஓடி, அதுக்கப்புறமும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்கணும்ங்கிறது பொதுவா போடுற கணக்கு. உதாரணத்துக்கு உங்க சிஸ்டம் சும்மா இருக்கும்போது 0.15 ஆம்பியர் எடுக்குது, அலாரத்துல 1 ஆம்பியர் எடுக்குதுனு வெச்சுக்கங்க, 24 மணி நேரத்துக்கு 3.6, அரை மணிக்கு 0.5, மொத்தம் 4.1 ஏஹெச் (ஆம்பியர் மணி, பேட்டரியோட கொள்ளளவு), பேட்டரி வயசாகும்போது குறையும்ங்கிறதால 1.25ஆல பெருக்கினா 5.1 வரும், அதனால 7 ஏஹெச் போடுவாங்க. டிடெக்டரோ ஹூட்டரோ பின்னாடி சேர்த்திருந்தா இந்த கணக்க திரும்ப போடணும், பெரும்பாலும் யாரும் போடுறதில்ல. இந்த பேட்டரிக்கு சொல்ற ஆயுசெல்லாம் 20, 25 டிகிரியில அளந்தது, சூடு பத்து டிகிரி ஏறினா ஆயுசு ஏறக்குறைய பாதியாயிடும். தகர ஷீட் போட்ட செக்யூரிட்டி கேபின்ல மே மாசம் என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்கெல்லாம் மூணு வருஷம் வந்தா பெரிய விஷயம். மீட்டர வெச்சு 12.8 வோல்ட் காட்டுது, நல்லாருக்குனு சொன்னா நம்பாதீங்க, லோடு இல்லாம செத்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். மெயின் பிரேக்கர ஆஃப் பண்ணி பேட்டரியில மட்டும் ஓட விட்டு, ஹூட்டர அடிக்க விட்டு, அப்ப வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுனு பார்க்கணும், ஹூட்டர் அடிச்ச ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே மொத்தம் 21 வோல்ட்டுக்கு வந்துட்டா அது காலி. பக்கவாட்டுல உப்பியிருந்தா டெஸ்டே வேண்டாம், மாத்திடுங்க, கூடவே சார்ஜர் வோல்டேஜையும் பார்க்க சொல்லுங்க, பேட்டரிய கழட்டிட்டு அளந்தா 27.3 கிட்ட இருக்கணும், ரொம்ப மேல இருந்தா புது பேட்டரியையும் உப்ப வெச்சிடும். மாத்தும்போது ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, பழசும் புதுசும் கலந்தா புதுசும் சீக்கிரம் போயிடும். மாட்டின தேதிய மார்க்கர்ல பேட்டரி மேலயே எழுதிடுங்க.

சிவப்பு லைட் வந்தா என்ன பண்றதுனு நீங்க கேக்கல, ஆனா உங்க செக்யூரிட்டிக்கு அது தெரியாதுனு நீங்க எழுதினதுலயே தெரியுது. எந்த ஜோன்னு படிக்கணும், நேரத்தோட எழுதணும், ஒருத்தர் பேனல்கிட்ட நிக்க இன்னொருத்தர் டார்ச்சும் போனும் எடுத்துக்கிட்டு படிக்கட்டுல அந்த மாடிக்கு போகணும், லிஃப்ட்ல போகக்கூடாது. பூட்டின ரூமுக்குள்ள டிடெக்டர் இருந்தா கதவு மேல ஒரு சின்ன சிவப்பு லைட் இருக்கும், அது எந்த கதவுனு காட்டும். புகையோ கருகுற வாசனையோ இருந்தா உடனே 101, இல்ல 112, கூடவே எவாகுவேட் பட்டன். ஒண்ணும் இல்லனு கண்ணால பார்த்து போன்ல சொன்னப்புறம் தான் ஹூட்டர் சைலன்ஸ், அதுக்கப்புறம் ரீசெட். இந்த வரிசைய தலைகீழா பண்றது தான் நம்ம ஊர்ல பழக்கம், முதல்ல சத்தத்த நிறுத்திடறது, அப்புறம் ஆற அமர போய் பார்க்கிறது. பேனல் பக்கத்துல ஜோன் சார்ட் ஒட்டுங்க, செக்யூரிட்டியில நிறைய பேர் ஒடிசா, அஸ்ஸாம் பக்கத்துல இருந்து வர்றவங்க, அதனால எழுத்த மட்டும் நம்பாம மாடி படம் வரைஞ்சு கலர் போட்டு ஒட்டுங்க.

சும்மா சும்மா ஃபயர் அலாரம் அடிக்கிறதையும் லேசா எடுத்துக்காதீங்க. அமெரிக்காவுல நியூ ஜெர்சியில சீட்டன் ஹால் யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல 2000 ஜனவரி 19 அன்னிக்கு அதிகாலை தீ பிடிச்சு மூணு மாணவர்கள் செத்தாங்க. அதுக்கு முன்னாடி அங்க பொய் அலாரம் அடிக்கடி அடிச்சிருக்கு, அதனால அன்னிக்கும் அப்படித்தான்னு நினைச்சு பல பேர் உடனே எழுந்து வரல. அதனால ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் காரணம் என்னனு கண்டுபிடிச்சு எழுதணும். நம்மகிட்ட காரணங்கள் பெரும்பாலும் தெரிஞ்சது தான், போகி அன்னிக்கு காலையில வர்ற புகை, காரிடார்ல சாம்பிராணி, ஃபிளாட்ல டைல்ஸ் அறுக்கிற தூசி, டிடெக்டருக்குள்ள குடியேறின சின்ன பூச்சி. சமையல் பண்ற இடத்துலயும் வண்டி நிக்கிற ஸ்டில்ட்லயும் ஸ்மோக் டிடெக்டர் போட்டிருந்தா ஹீட் டிடெக்டரா மாத்துங்க. வேலை நடக்கும்போது டிடெக்டருக்கு பிளாஸ்டிக் மூடி போடுறது நல்லது தான், ஆனா வேலை முடிஞ்சதும் எடுக்கணும். பில்டர் ஹேண்ட் ஓவர் பண்ணின நாள்ல இருந்து அந்த மூடி கழட்டாமலே இருக்கிற காரிடார்கள் எத்தனையோ இருக்கு. மூடி போட்ட டிடெக்டர் எப்பவும் போல லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும், பேனலும் நார்மல்னு தான் சொல்லும், புகை மட்டும் உள்ள போகாது. உங்க மாடிகள ஒரு சுத்து தலைய தூக்கி பார்த்துட்டு வாங்க.

மெயின்டெனன்ஸ்னு பார்த்தா வாரத்துக்கு ஒரு பிரேக் கிளாஸ டெஸ்ட் சாவி போட்டு அமுக்கி பாருங்க, ஒவ்வொரு வாரமும் வேற வேற மாடி, முன்னாடியே வாட்ஸப் குரூப்ல சொல்லிட்டு ஒரே கிழமை ஒரே நேரத்துல. டிடெக்டர் ஒவ்வொண்ணையும் வருஷத்துல ஒரு தடவயாவது புகை விட்டு பார்க்கணும், அதுக்குனே ஸ்ப்ரே கேன் வருது, ஊதுபத்தியோ பேப்பரோ கொளுத்தி காட்டினா கரி உள்ள படிஞ்சு டிடெக்டர் கெட்டுடும். ரிப்போர்ட்ல "ஆல் ஓகே"னு ஒரு வரி எழுதி குடுத்தா வாங்காதீங்க, எந்த மாடி, எந்த டிடெக்டர், எத்தன மணிக்கு அலாரம் வந்துச்சுனு இருக்கணும். இந்தியாவுல இதுக்கு ஐஎஸ் 2189னு தனி ஸ்டாண்டர்டே இருக்கு, ஏஎம்சி ஒப்பந்தத்துல அதன்படி சர்வீஸ்னு எழுத சொல்லுங்க. பழைய பில்டிங்கா இருந்தா டிடெக்டர் பின்னாடி ரேடியோஆக்டிவ் குறி இருக்கானும் பாருங்க, அயனைசேஷன் டைப்ல அமெரிசியம் 241ங்கிற கதிர்வீச்சு பொருள் கொஞ்சூண்டு இருக்கும், மேல மாட்டியிருக்கிற வரைக்கும் பயமில்ல, ஆனா அத பிரிக்கவோ குப்பையில போடவோ கூடாது, சப்ளையர்கிட்ட திருப்பி குடுக்கணும்.

பேனல மாத்தவே வேண்டாம்னு நான் சொல்லல. ஸ்பேர் கார்டு கிடைக்காத மாடல், பல ஜோன்ல டெர்மினல் டெஸ்டுலயே ஃபெயில் ஆகுற போர்டு, தண்ணி இறங்கி பச்சை பூத்த சர்க்யூட், இதெல்லாம் இருந்தா மாத்தித்தான் ஆகணும். டிடெக்டரும் பத்து வருஷம் தாண்டியிருந்தா அதுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க. அட்ரஸபிள் நல்ல சிஸ்டம், எந்த மாடினு சொல்றதோட நிக்காம எந்த டிடெக்டர்னே சொல்லும், லூப்பா (வளையமா சுத்தி பேனலுக்கே திரும்பி வர்ற மாதிரி) வயர் போட்டா ஒரு இடத்துல அறுந்தாலும் மறுபக்கத்துல இருந்து பேசும், அழுக்கு சேர்ந்த டிடெக்டர முன்கூட்டியே சொல்ற மாடல்களும் இருக்கு. ஆனா அதே ஈர ஜாயிண்டோட பழைய வயர்லயே புது பேனல மாட்டினா அடுத்த மழையில இதே பீப்ப அதிக விலை குடுத்து கேப்பீங்க. அப்படி மாத்தினா பாஸ்வேர்டு, கான்ஃபிகரேஷன் ஃபைல் காப்பி, லூப் டிராயிங், எந்த டிடெக்டர் அடிச்சா எது ஓடணும்ங்கிற பட்டியல், இது நாலும் அசோசியேஷன் கைக்கு வந்தப்புறம் தான் கடைசி பணத்த குடுங்க, இல்லனா ஆள மாத்த நினைக்கிற அன்னிக்கு மாட்டிக்குவீங்க.

நீங்க கேள்வியோட சேர்த்து போட்ட பேனல் போட்டோல மஞ்சள் லைட் எரியறது தெரியுது, ஆனா அதுக்கு கீழ இருக்கிற எழுத்து பளபளப்புல மறைஞ்சிருக்கு. அது ஜோன் ஃபால்ட்டா, பேட்டரியா, எர்த்தாங்கிறத பொறுத்து மேல சொன்னதுல பாதி உங்களுக்கு தேவைப்படாம போகலாம். ஃபயர் டிபார்ட்மெண்ட் லைசென்ஸுக்கு உங்க பில்டிங்கிற்கு என்ன நிபந்தனை போட்டிருக்காங்கங்கிறது உங்க ஃபைல பார்த்தா தான் தெரியும், பேனல மாத்துற முடிவுக்கு போனா முதல்ல அத எடுத்து படிங்க. இப்போதைக்கு பஸ்ஸர மட்டும் சைலன்ஸ் பண்ணிட்டு, ஃபால்ட் உள்ள மாடிக்கு ராத்திரி ரெண்டு ரவுண்டு கூடுதலா போக சொல்லுங்க, ஏஎம்சி ஆள கூப்பிட்டு ரெசிஸ்டர் டெஸ்டும் பேட்டரி லோடு டெஸ்டும் உங்க முன்னாடி பண்ண சொல்லுங்க. எந்த ஜோன், ரெசிஸ்டர் மாட்டினதும் ஃபால்ட் போச்சா இல்லையா, ஹூட்டர் அடிக்கும்போது பேட்டரி எத்தன வோல்ட், இந்த மூணையும் இதுக்கு கீழ எழுதுங்க, அத பார்த்துட்டு அடுத்து எங்க கை வெக்கணும்னு சொல்றேன்.